கடவுச்சொல் சரிதான், கடிகாரம்தான் தப்பு

லாகின் ஆகவில்லை என்று யாராவது புகார் சொன்னால், கணினிப் பிரிவில் முதலில் கேட்பது "பாஸ்வேர்ட் சரியா போட்டீங்களா?" என்றுதான். கேட்டதும் எதிரில் இருப்பவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. சர்வர்களைப் பார்த்துக்கொள்வதே என் வேலை. இருந்தும் அந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. பாஸ்வேர்டில் ஒரு குறையும் இல்லாமல், எங்கேயோ ஒரு கடிகாரம் பிசகியதால் வந்த தொல்லைகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் மேடம். எங்கள் அலுவலக இணையதளத்தில் இரண்டு வாரமாக லாகின் சிலருக்கு ஆகிறது, சிலருக்கு ஆகவில்லை. ஆகாதவரே மறுபடி முயன்றால் உள்ளே போய்விடுகிறார். யூசர்கள்தான் பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிறார்கள் என்கிறார் மேலாளர். லாகினுக்கு என்று தனி சர்வர் ஒன்று இருக்கிறது. தளம் ஓடுவது, வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர்களில். இரண்டாவதைச் சேர்த்து ஏழு வாரம் ஆகிறது. முதல் ஐந்து வாரம் அது நன்றாகவே ஓடியது, அதனால் அதைச் சந்தேகிக்கவில்லை. புரோகிராமில் எதையும் மாற்றவில்லை. சர்வர்கள் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் வரிகளையும் கான்ஃபிகரேஷன் ஃபைலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: லாக் வரிகளைச் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கே முதலில் நன்றி. விடை அதற்குள்தான் இருக்கிறது.

தோற்றுப்போன லாகின் ஒன்றை மட்டும் எடுத்து, இரண்டு சர்வர்களின் லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாகின் சர்வர் 10:14:52க்கு டோக்கன், அதாவது உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டு, கொடுத்ததாக எழுதியிருக்கிறது. இரண்டாவது சர்வர் அதே டோக்கனை 10:13:29க்கு நிராகரித்ததாக எழுதியிருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே எப்படி நிராகரிக்க முடியும்? டோக்கன் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர ஒரு வினாடிகூட ஆகாது. ஆக, உங்கள் இரண்டாவது சர்வரின் கடிகாரம் ஏறக்குறைய 83 வினாடி பின்தங்கி ஓடுகிறது.

நீங்கள் பயன்படுத்துவது ஜேடபிள்யூடி என்ற வகை டோக்கன். எப்போது கொடுக்கப்பட்டது, எப்போதிலிருந்து செல்லும், எப்போது காலாவதியாகும் என்ற மூன்று நேரங்களை அதற்குள் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப முடியும். அதை வாங்கும் சர்வர் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகு, அந்த நேரங்களைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். உங்கள் இரண்டாவது சர்வரின் கணக்கில் 10:14:52 என்பது இன்னும் வராத நேரம். அதனால்தான் "டோக்கன் நாட் யெட் வேலிட்" என்று லாக்கில் எழுதிவிட்டுக் கதவைச் சாத்துகிறது. மறுபடி முயன்றால் லோடு பேலன்சர் முதல் சர்வருக்கு அனுப்பும். அதன் கடிகாரம் சரியாக இருப்பதால் உள்ளே விட்டுவிடும். யூசர் இரண்டு முறையும் அடித்தது ஒரே பாஸ்வேர்டைத்தான். இந்த இரண்டு லாக் வரிகளையும் அவசியம் உங்கள் மேலாளரிடம் காட்டுங்கள்.

சரி, ஐந்து வாரம் ஏன் நன்றாக ஓடியது? கணினிக்குள் நேரத்தை எண்ணுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பது சகஜம். ஒரு நாளைக்கு 86,400 வினாடி; அதில் இந்தப் பிழை சுமார் 1.7 வினாடி வரும். ஏழு வாரம் என்பது 49 நாள், பெருக்கினால் ஏறத்தாழ 83 வினாடி. நீங்கள் அனுப்பிய கான்ஃபிகரேஷன் ஃபைலில் நேர வித்தியாசத்துக்கு 60 வினாடி சலுகை கொடுத்திருக்கிறீர்கள், அதாவது கடிகாரம் அவ்வளவு பிசகினாலும் டோக்கனை ஏற்றுக்கொள்ளும். அந்த 60 வினாடியைத் தாண்ட 35 நாள், அதாவது ஐந்து வாரம். உங்கள் தொல்லை தொடங்கியதும் அப்போதுதான். புரோகிராமை யாரும் தொடவில்லை என்று நீங்கள் சொல்வது முழு உண்மை. தவறு முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது, 60 வினாடி சலுகை அதை ஐந்து வாரம் மறைத்து வைத்திருந்தது.

கணக்கு இவ்வளவு பொருந்துகிறது என்றால், அந்த சர்வர் வந்த நாள் முதல் ஒருமுறைகூட வெளி நேரத்தோடு ஒத்துப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அதில் நேரத்தை ஒத்துப்பார்க்கும் குரோனி என்ற புரோகிராம் ஓடுகிறதா என்று பார்த்தால் "ஆக்டிவ்" என்று பச்சையில் காட்டும். அதை நம்ப வேண்டாம். சர்வீஸ் ஓடுவது வேறு, அதற்கு நேரம் கிடைப்பது வேறு. "குரோனிசி சோர்சஸ்" என்ற கட்டளையைக் கொடுத்து, "ரீச்" என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே 377 இருந்தால் கடைசி எட்டு முறை கேட்டதற்கும் பதில் வந்திருக்கிறது என்று பொருள். 0 இருந்தால் ஒரு பதிலும் வரவில்லை. புதிய சர்வரைப் புதிய நெட்வொர்க் பகுதியில் வைத்து, ஃபயர்வாலில் நேரம் கேட்டுப் போகும் வழியான யுடிபி 123ஐத் திறக்க மறந்துவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. வெளியே போக விட முடியாது என்றால் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு நேர சர்வர் வைத்து எல்லாவற்றையும் அதோடு இணைத்துவிடுங்கள்.

வழி திறந்ததும் நேரம் உடனே சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தைக் குரோனி பொதுவாக ஒரேயடியாகத் தள்ளாது; வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்துத்தான் சரிசெய்யும். 83 வினாடியைச் சரிக்கட்ட அதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை புகார் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த சர்வரை லோடு பேலன்சரிலிருந்து வெளியே எடுத்து, "குரோனிசி மேக்ஸ்டெப்" (chronyc makestep) கொடுத்து ஒரே தாவலில் சரிசெய்துவிட்டு, மறுபடி சேருங்கள். கடிகாரம் தாவும்போது அதே சர்வரில் நேரம் பார்த்து ஓடும் வேலைகள் குழம்பலாம். வெளியே எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

நேரத்தை இப்படி நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது. அதன் முதல் வரையறை 1985இல் வந்தது. கேள்வி போய்ப் பதில் வருவதற்குள்ளேயே நேரம் நகர்ந்துவிடுமே, பிறகு எப்படிச் சரியான நேரம் கிடைக்கும் என்று கேட்கத் தோன்றும். கேள்வி கிளம்பிய நேரம், அங்கே போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், இங்கே வந்த நேரம் என்று நான்கையும் குறித்துக்கொண்டு, வழியில் எவ்வளவு போனது, கடிகாரத்தில் எவ்வளவு பிசகு என்று பிரித்துவிடுகிறது. மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். நம்முடைய ஒவ்வொரு லாகினுக்கும் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. கணினித் துறைக்கு வெளியே அவர் பெயர் அதிகம் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: மெயில் கணக்குக்கு இரட்டைப் பாதுகாப்பு போட்டிருக்கிறேன். போனில் உள்ள ஆதென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணை அப்படியே அடிக்கிறேன், தவறு என்கிறது. இன்னொரு தளத்திலும் அதே கதைதான். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா அக்கா?

பதில்: அழிக்காதே தங்கை, தயவுசெய்து அழிக்காதே! உன் கணக்குக்கான ரகசியச் சாவி அந்த ஆப்புக்குள்தான் இருக்கிறது. வேறு எங்கும் அதற்கு நகல் வைத்திருக்கவில்லை என்றால், அழித்த மறு நிமிடம் நீயே உன் கணக்குக்கு வெளியே நிற்பாய்.

அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்தும் வருவதில்லை. அந்த ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து உன் போனே கணக்கிடுகிறது. சர்வரும் அதே சாவியோடு தன் நேரத்தைச் சேர்த்துத் தனியாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. 2011இல் வந்த வரையறைப்படி வழக்கமாக 30 வினாடிக்கு ஒரு எண். நெட்வொர்க் தாமதத்துக்காக ஒரு எண் முன்னே பின்னே இருந்தால் பல சர்வர்கள் விட்டுவிடும். போன் நேரம் இரண்டு நிமிடம் தள்ளி இருந்தால் நீ அடிப்பது பழைய எண்ணாகவோ, இன்னும் வராத எண்ணாகவோதான் இருக்கும்.

இரண்டு தளங்களிலும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய், அதனால் பிசகு உன் போனில்தான். செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் "தானாக அமை" என்பதை ஆன் செய். ஏற்கெனவே ஆன் ஆகியிருந்தால் ஒருமுறை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய். டைம் ஸோனும் தானாகவே இருக்கட்டும். சரியானதும் முதல் வேலையாக உள்ளே போய், அவசரத்துக்கு உதவும் பேக்கப் கோடுகளை எடுத்துக் காகிதத்தில் எழுதி வை.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை சர்வர்தான் உருவாக்கி அனுப்புகிறது, உன் போன் கடிகாரத்துக்கு அதில் வேலை இல்லை.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவருக்கு வந்த மாதிரியே எனக்கும் டோக்கன் பிழை வந்தது. புரோகிராமில் நேரச் சலுகையைப் பத்து நிமிடம் ஆக்கினேன், பிரச்சினை போய்விட்டது. இப்படியே விட்டுவிடலாமா? எங்கள் டோக்கனின் ஆயுள் ஐந்து நிமிடம்.

பதில்: விடக் கூடாது. பத்து நிமிடச் சலுகை கொடுத்த அன்றே உங்கள் ஐந்து நிமிட டோக்கன் பதினைந்து நிமிட டோக்கன் ஆகிவிட்டது. யாராவது அதைத் திருடினால் அவர் கையில் மூன்று மடங்கு நேரம். டோக்கனின் ஆயுளை ஐந்து நிமிடம் என்று யாரோ யோசித்து வைத்திருப்பார்கள். அந்த யோசனையை ஒரே வரியில் அழித்திருக்கிறீர்கள். போதாததற்கு, கடிகாரம் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருநாள் பத்து நிமிடத்தையும் தாண்டும், அன்றைக்கு எதனால் என்று உங்களுக்கு நினைவிருக்காது.

ஜேடபிள்யூடிக்கான 2015ஆம் ஆண்டு வரையறை, நேர வித்தியாசத்துக்குச் சிறிய சலுகை கொடுக்கலாம், வழக்கமாக அது சில நிமிடங்களுக்கு மேல் போகாது என்கிறது. அலுவலக நெட்வொர்க்குகளில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை பொதுவாக ஐந்து நிமிடம் தாங்கும். இவையெல்லாம் மேல் எல்லை. எல்லா சர்வரும் என்டிபியோடு ஒத்துப்போகும் இடத்தில் நான் 30 வினாடி வைப்பேன், அதற்கு மேல் யார் கேட்டாலும் முதலில் கடிகாரத்தைக் காட்டச் சொல்வேன்.

பின்தங்கிய கடிகாரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு, இதை யாரும் புகார் செய்ய மாட்டார்கள். காலாவதியான டோக்கனை அது இன்னும் செல்லும் என்று ஏற்றுக்கொள்ளும். யூசருக்குத் தொல்லை இல்லை என்பதால் மாதக்கணக்கில் தெரியவே தெரியாது. கடிகாரம் முந்தி ஓடினால் நேர்மாறு: உள்ளே வந்தவர்கள் பாதி வேலையில் வெளியே தள்ளப்படுவார்கள்.

புரோகிராம் எழுதுகிறவர் என்பதால் இதையும் கவனியுங்கள். டோக்கன் காலாவதி ஆகிவிட்டதா என்பதை பிரவுசரில், யூசரின் கணினி நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கடிகாரம் உங்கள் கையில் இல்லை. டோக்கன் இன்னும் எத்தனை வினாடி செல்லும் என்று சர்வரிடமிருந்து வாங்கி, கையில் கிடைத்த நொடியிலிருந்து எண்ணுங்கள். லாகினை நினைவில் வைக்க பிரவுசரில் போடும் குக்கியிலும் "எக்ஸ்பயர்ஸ்" என்று தேதி கொடுப்பதைவிட "மேக்ஸ்-ஏஜ்" என்று வினாடி கொடுப்பது நல்லது. தேதி கொடுத்தால் அதை ஒப்பிடப் போவது யூசரின் கடிகாரம்தான்.

கேள்வி: சர்வரில் நேரம் சரியாகத்தான் காட்டுகிறது, என் கைக்கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போகிறது. ஆனாலும் டோக்கன் கொடுத்த நொடியே காலாவதி என்கிறது. ஏன்?

பதில்: சர்வரின் முகத்தில் தெரியும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். டோக்கன் பார்ப்பது அதையல்ல. 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்ற எண்ணிக்கையைத்தான். டைம் ஸோன் தப்பாக இருக்கும்போது யாரோ முள்ளைத் திருப்பி உள்ளூர் நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால், முகம் சரியாக இருக்கும், உள்ளே எண்ணிக்கை மணிக்கணக்கில் தப்பாக இருக்கும். "டேட்" கட்டளையோடு "மைனஸ் யு" சேர்த்து யுடிசி நேரத்தைக் கேளுங்கள், இரண்டு சர்வரிலும் ஒரே சமயத்தில்.

வித்தியாசம் முழு மணியாகவோ அரை மணியாகவோ சுத்தமாக வந்தால் டைம் ஸோன் குளறுபடி. 83 வினாடி, நாலு நிமிடம் பதினொரு வினாடி என்று ஒழுங்கில்லாமல் வந்தால் படிகம் நகர்ந்திருக்கிறது. வித்தியாசமே இல்லை என்றால் புரோகிராமைப் பாருங்கள். பைத்தானில் "யுடிசிநவ்" கொடுக்கும் நேரத்தில் ஸோன் குறிப்பு இருக்காது. அதை வினாடியாக மாற்றும்போது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு தப்பான எண் வரும். இந்தக் குழப்பம் போதும் என்றுதான் பைத்தான் 3.12இல் அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் வேறு சிக்கல். அதன் நேரம் மில்லி வினாடியில் வரும், டோக்கனுக்கு வேண்டியது வினாடி. டோக்கனைப் பிரித்து எண்ணை எண்ணிப் பாருங்கள்: பத்து இலக்கம் இருந்தால் சரி, பதின்மூன்று இருந்தால் ஆயிரத்தால் வகுக்க மறந்திருக்கிறார்கள்.

சர்வருக்குள் போக அனுமதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, லாகின் பக்கத்துக்கு வந்த பதிலில் "டேட்" என்ற ஹெடரைப் பாருங்கள். சர்வர் தன் நேரத்தை அங்கே ஜிஎம்டியில் சொல்லியிருக்கும். நடுவில் பதில்களைச் சேமித்து வைத்துத் தரும் கேச் சர்வர் ஏதாவது இருந்தால் அது பழைய பதிலாகவும் இருக்கலாம், ஆகவே புதிதாக ஒரு லாகின் முயற்சி செய்து அதன் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் டெஸ்ட் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. வெள்ளி மாலை நிறுத்தி வைத்து, திங்கள் காலை எழுப்பினால் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. அதில் புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னருக்குள் போய் நேரத்தை மாற்றப் பார்த்தேன், அனுமதி இல்லை என்கிறது.

பதில்: உறங்கப் போன நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்குகிறது. அதன் கணக்கில் இன்னும் வெள்ளி மாலைதான். எழுந்ததும் நேரத்தைத் தாவலாகச் சரிசெய்யும்படி விர்ச்சுவல் மெஷினிலேயே குரோனியை அமைக்க வேண்டும். குரோனிக்குப் பதில் பழைய என்டிபிடி புரோகிராம் வைத்திருந்தால் கவனம்: வித்தியாசம் 1000 வினாடியைத் தாண்டினால் அது சரிசெய்யாமல் வெளியேறிவிடும், தொடக்கத்தில் ஒருமுறை விட்டுக்கொடுக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். கண்டெய்னருக்கு என்று தனிக் கடிகாரம் கிடையாது; அது ஓடும் மெஷினின் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. அங்கே சரிசெய்தால் இங்கேயும் சரியாகிவிடும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர் அம்மா. பழைய கணினி. தினமும் காலையில் ஆன் செய்தால் ஓய்வூதிய இணையதளத்தின் லாகின் பக்கமே திறக்க மறுக்கிறது, "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சிவப்பில் வருகிறது. பேரன் வந்து தேதியை மாற்றினால் திறக்கிறது. மறுநாள் மறுபடி அதே. பாதுகாப்பில்லை என்றால் என் பணத்துக்கு ஆபத்தா?

பதில்: ஐயா, பயப்பட வேண்டாம். உங்கள் பேரன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். தளத்தில் குறை இல்லை, உங்கள் கணினிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுவது அந்த பேட்டரியால்தான். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளத்தின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு, சிலவற்றுக்கு ஆயுளே 90 நாள்தான். பல வருடம் பின்னால் இருக்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் திறக்க மறுக்கிறது.

மேசைக் கணினி என்றால் பெரும்பாலும் உள்ளே சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி இருக்கும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பழகியவர் ஒருவரை வைத்து மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை தேதியைக் கையால் சரியாக வைத்துவிட்டு, தானாக நேரம் அமைப்பதை ஆன் செய்யுங்கள். தனிக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை, வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வழக்கமாகத் தானே திருத்தாது, அதனால்தான் கையால் வைக்கச் சொல்கிறேன்.

பேட்டரி மாற்றும் வரை ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அந்தச் சிவப்புப் பக்கத்தில் "பரவாயில்லை, தொடர்க" என்ற மாதிரி ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்திப் பழகினால் என்றாவது உண்மையிலேயே போலித் தளம் வரும்போதும் கை தானாக அழுத்திவிடும். தேதியைப் பாருங்கள், மாற்றுங்கள், பக்கத்தை மறுபடி திறங்கள். தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தால் அங்கே பாஸ்வேர்டை அடிக்காமல் மூடிவிட்டு, எச்சரிக்கைப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.